மீரிம் ஊற்றிய தேநீர்

மாஸ்கோ, பிப்ரவரி 3

அன்புள்ள அனார்கான் அக்காவுக்கு,

நலம்தானே? போனில் பேசினால் கத்திவிடுவேன் என்று பயந்துதான் ஊருக்கு வருகிறவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் பாலர் பள்ளி ஆசிரியை, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். யாரிடமும் ஒட்டாத என் மகள் மீரிம் இப்போது எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறாளாம். என்னிடம் மட்டும் இரண்டு வார்த்தைதான். அவளுக்குப் பின்னல் போட்டுவிடுவது யார்? என் வீட்டுக்காரர் ஷர்ஷெனுக்குக் குதிரைவாலைக்கூடப் பின்னத் தெரியாது. உங்கள் காலணியை எங்கள் வாசலில் பார்த்ததாக நாத்தனார் சொல்கிறாள். இங்கே வேலையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு இதே நினைப்பு.

குல்சைரா

கொச்கொர், பிப்ரவரி 14

அன்புத் தங்கை குல்சைரா,

பின்னல் போடுவது நான்தான். பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் காலையில் தலை வாரிவிடுகிறேன். உன் வீட்டுக்கு வந்ததும் உண்மை. பொம்மையைக் கேட்ட பையனை மீரிம் கடித்துவிட்டாள், அதைச் சொல்லப் போனேன். வாசலுக்கு வந்தவரை நம் ஊரில் ரொட்டி தின்ன வைக்காமல் அனுப்புவார்களா? காலணியைக் கழற்றி உட்கார்ந்து ஒரு துண்டு தின்றேன், அவ்வளவுதான்.

இப்போது வகுப்பில் விருந்தாளி விளையாட்டு விளையாடுகிறோம். விரிப்புப் போட்டு ஒரு பிள்ளை தேநீர் ஊற்றும், மற்றவர்கள் முறை வரும்வரை காத்திருப்பார்கள். நேற்று முதல் கிண்ணத்தை, தான் கடித்த பையனுக்கே மீரிம் கொடுத்தாள். சந்தோஷப்படு.

அனார்கான்

மாஸ்கோ, மார்ச் 2

ஆசிரியைக்கு,

நேற்று வீடியோ அழைப்பில் என் மகள் எனக்குத் தேநீர் ஊற்றிக் காட்டினாள். கிண்ணம் விளிம்புவரை தளும்பியது. நம் ஊரில் யாருக்கு அப்படி ஊற்றுவோம்? வேண்டியவர்களுக்குக் கொஞ்சமாக, திரும்பத் திரும்ப. போய்த் தொலையட்டும் என்று நினைப்பவர்களுக்குத்தான் கிண்ணம் நிறைய. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது தானாகவா வந்தது? சொல்லிக்கொடுத்தது யார்? புருஷனைக்கூட விட்டுத் தொலைக்கிறேன். என் பிள்ளை கையாலேயே என்னை வெளியே தள்ளாதீர்கள். எனக்கு அவளைவிட்டால் வேறு யாருமில்லை.

குல்சைரா

கொச்கொர், மார்ச் 12

குல்சைரா,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கும் கோபம் தலைக்கேறியது. மீரிமைக் கூப்பிட்டேன்.

"ஏன்டி, விருந்தாளிக்குக் கொஞ்சமாத்தானே ஊத்தணும்? அம்மாவுக்கு மட்டும் ஏன் அவ்வளவு?"

"தெரியும் அக்கா. இவங்களுக்கெல்லாம் மறுபடி ஊத்தலாம். அம்மா 'வேலை இருக்கு'ன்னு டக்குன்னு போனை வச்சிடுவாங்க. ரெண்டாவது தடவ ஊத்தவே முடியாது. அதான் எல்லாத்தையும் ஒரே தடவையில ஊத்திட்டேன்."

அதற்குமேல் அவளிடம் எதுவும் கேட்க எனக்கு மனம் வரவில்லை. உன்னிடமும் எதுவும் கேட்கவில்லை.

அனார்கான்

மாஸ்கோ, மார்ச் 23

அக்கா,

என்ன திட்ட வேண்டுமோ நேரில் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். வேலையை விட்டுவிட்டேன். இதைக் கொண்டுவருபவருக்குப் பின்னாலேயே அடுத்த பேருந்தில் வந்துவிடுவேன். மீரிமிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள். எனக்குக் கொஞ்சமாக ஊற்றினால் போதும்.

குல்சைரா