சும்மா கிடந்த இடம்

செவ்வாய் இரவு, லண்டன்

அப்பாவை இன்று ஆலங்குடியில் எடுத்துவிட்டார்கள். விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு நடுவில் ஊருக்குக் கிளம்பினால் திரும்பி வர முடியாது. நான் போகவில்லை. சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான்.

டிசைன் படிக்கிறவன் என்பதால் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸை மட்டும் நான் செய்து அனுப்பியிருந்தேன். வெள்ளைப் பின்னணி, ஓரத்தில் அப்பா முகம், கீழே பெயர். மீதி இடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டேன். எங்கள் வகுப்பில் அதைத்தான் மெச்சுவார்கள்.

சாயங்காலம் மாமா வீடியோ காலில் வீட்டு வாசலைக் காட்டினார். பிளெக்ஸின் காலி இடத்தில் ஆளுயரத்துக்கு நான் நின்றேன், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு.

“எடம் சும்மா கெடக்குதேன்னு பிளெக்ஸ் கடைக்காரரு கேட்டாரு மாப்ள. ஒங்கப்பா போன்ல இந்தப் படம் கெடந்துச்சு, குடுத்தேன்.”

எரிச்சலில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா போனை வாங்கிவிட்டாள்.

“இருக்கட்டும்யா. வந்தவங்க எல்லாரும் புள்ள எங்கன்னு கேட்டாங்க. அதத்தான் கைகாட்டுனேன்.”

அந்தப் படம் நான் கிளம்பிய அன்று திருச்சி ஏர்போர்ட்டில் எடுத்தது. அன்று எனக்குச் சிரிப்பே வரவில்லை. “நல்லா சிரிய்யா, நல்லா சிரி” என்று விடாமல் சொல்லி எடுத்தவர் அப்பாதான்.