ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாய்

தம்பி,

இன்று மத்தியானம் யாழினியின் கவுனைத் துவைக்க எடுத்தேன். ஒரே ஆட்டு வாடை. முகத்தைச் சுளித்துக்கொண்டு வாளியில் போடப் போனவள், போடாமல் அப்படியே குளியலறைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். இந்த வாடைக்காக உன்னை எத்தனை ஞாயிற்றுக்கிழமை திட்டியிருப்பேன்! "புள்ளைய வெளியில கூட்டிட்டுப் போறியா, இல்ல ஆட்டுப் பட்டியில அடைச்சு வச்சுக் கூட்டிட்டு வர்றியா?" என்பேன். நீ வாசலிலேயே நின்றுகொண்டு, "சோப்பு போட்டா பூடும்க்கா, இன்னாத்துக்கு டென்ஷன் ஆவுற?" என்பாய். சோப்புப் போட்டால் போய்விடும் என்பதால்தான் இன்னும் போடாமல் வைத்திருக்கிறேன்.

உன் பேச்சைக் கேட்டால் நாம் இருவரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் என்று யாரும் நம்பமாட்டார்கள். ஆவடி குவார்ட்டர்ஸில், அப்பா கடைசிவரை தென்காசிப் பேச்சை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த வீட்டில், நீ மட்டும் நாள் முழுக்க மைதானத்தில் கிடந்து 'இன்னா', 'கீது' என்று கற்றுக்கொண்டு வந்தாய். அப்பா "ஏல, ஒழுங்காப் பேசு" என்று அதட்டினால், "சரி நைனா" என்று அவருக்கே பதில் சொன்ன ஆள் நீ. வளர்ந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குப் போன பிறகும் அந்தப் பேச்சும் மாறவில்லை, மைதானப் புத்தியும் மாறவில்லை. வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறையில் உன் வயசுப் பிள்ளைகள் மாலுக்கும் சினிமாவுக்கும் போவார்கள். நீ நெமிலிச்சேரிக்கு என் வீட்டுக்கு வருவாய். என்னைப் பார்க்க வந்ததாக ஒரு பேச்சுக்குச் சொல்லிக்கொள்ளலாம். நான் கொடுக்கும் டீயைக்கூட நின்றபடி குடித்துவிட்டு, "எங்க என் ஆளு?" என்றுதான் கேட்பாய்.

உன் ஆளுக்கு அப்போது நாலு வயது. விடிந்ததிலிருந்து ஷூ போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். நான் வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த வாழைக்காய்த் தோல், முட்டைக்கோஸ் இலை, பூசணிக் குடல் எல்லாம் ஒரு பையில் தயாராக இருக்கும். அதை எறிந்துவிட்டால் எனக்கு அன்றைக்கு வீட்டில் இடம் கிடையாது. பைக்கின் முன்னால் அவளை உட்காரவைத்து, மாட்டு வண்டிக்கு வழிவிடும் வேகத்தில் நீ ஓட்டிப் போவதைத் தெருவே சிரித்துக்கொண்டு பார்க்கும்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் சரசம்மாவின் மாட்டுக்கொட்டகை, அப்புறம் ஆட்டுக்காரர், அப்புறம் பருத்திப்பட்டு ஏரியில் கூழைக்கடாப் பறவை வந்திருக்கிறதா என்று ஒரு பார்வை. வழியில் எந்தக் காலி மனையில் எம்-சாண்ட் மணல் கொட்டியிருந்தாலும் வண்டி நின்றுவிடும். சிமெண்ட் சாக்கை விரித்து அவளை மேலே உட்காரவைத்துச் சறுக்கிவிடுவாய். வாட்ச்மேன் கத்துவார். "ஒரே ஒரு தபா அண்ணாத்தே, கொயந்த ஆசப்படுது" என்பாய். இரண்டாவது தடவை சாக்கில் நீ உட்கார்ந்திருப்பாயாம். இதை எனக்குச் சொன்னவள் அவள்தான். உன் பேண்ட்டின் பின்பக்கமும் சொன்னது.

நான் ஒரு நாளும் உங்களோடு வந்ததில்லை. நாய் குரைத்தாலே எதிர்ச்சாரிக்குப் போகிறவள் நான். என் வீட்டுக்காரருக்கோ ஞாயிறு முழுக்க நைட் ஷிப்ட் தூக்கம். அந்த வகையில் என் மகளுக்கு வெளி உலகத்தைக் காட்டியது நீதான். மாட்டின் கழுத்தை எந்த இடத்தில் சொறிந்துவிட வேண்டும், கையை விரித்து வைத்தால் ஆடு கடிக்காது, கோழிக்குஞ்சைத் தொடுவதற்கு முன் தாய்க்கோழி எங்கே என்று பார்க்க வேண்டும், இதெல்லாம் அவளுக்கு அ, ஆவுக்கு முன்னாலேயே தெரியும்.

அந்தக் கிடாய் விஷயம் உனக்கு நினைவிருக்கும். உன்னோடு வேலை பார்க்கிற பையனின் பூந்தமல்லி வீட்டில், பக்ரீதுக்கு வெகு நாள் முன்பே கிடாய் வாங்கிப் பிள்ளை மாதிரி வளர்த்தார்கள். தன் பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்றதால் யாழினி அதற்குப் பிஸ்கட் என்றே பேர் வைத்தாள். பண்டிகை முடிந்து நீங்கள் போனபோது கயிறு மட்டும்தான் கட்டியிருந்தது. புறப்படும் முன்பே உனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன், ஊருக்குப் போயிருக்கு என்று சொல்லடா என்று. நீ அந்த வாசலிலேயே மண்டி போட்டு உட்கார்ந்து, "குர்பானி குட்த்துட்டாங்க கண்ணு. பிஸ்கட் செத்துப் பூட்ச்சு. இனிமே வராது" என்று சொல்லிவிட்டாய். அவள் பூந்தமல்லியிலிருந்து வீடு வரை அழுதுகொண்டே வந்தாள். கிடாயை வளர்த்த அந்த அம்மாவும் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஆசையாய் வளர்த்ததைத்தான் கொடுக்கணும் தங்கம் என்று சொல்லிக் கண் கலங்கினார்களாம்.

அன்றைக்கு நான் உன்னைப் பிடித்த பிடி கொஞ்சநஞ்சமில்லை. நீ பதிலுக்குக் கத்தவில்லை. "ஊருக்குப் போய்கீதுன்னு சொன்னா வாரா வாரம் வந்துச்சா வந்துச்சான்னு கேட்டுகினே இருக்கும்க்கா. அழுதா அழட்டும். கொயந்த கிட்ட மட்டும் பொய் சொல்லாத" என்றாய். மறு வாரம் அவள் ஷூவைப் போட்டுக்கொண்டு, "மாமா, பிஸ்கட் செத்துப்போச்சுல்ல, இன்னிக்கு மாடு பாக்கலாம்" என்றாள். அப்போதும் நான் உன்னிடம் தோற்றதை ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனி மாதம் உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு யாழினியிடம் போனில் பேசினாய். ஸ்பீக்கரில் போட்டு நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். "மாமாவுக்கு ஊசி போட்டுகீறாங்க கண்ணு. ஞாயித்துக்கெழம வந்துருவேன். ஷூ போட்டுகினு ரெடியா இரு" என்றாய். குரல் கொஞ்சம் அடைத்திருந்தது, அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது ஆவடி வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள்.

சின்னப் பிள்ளைகளைச் சாவு வீட்டில் வைக்க வேண்டாம் என்று யாழினியை வேப்பம்பட்டில் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு அப்போது எதையும் யோசிக்கும் நிலையில்லை. காரியமெல்லாம் முடிந்து அவள் திரும்பி வந்தபோது யாரும் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அடுத்த ஞாயிறு விடிந்ததும் ஷூவைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டால், "மாமா வந்தா நிக்கமாட்டாரு, நீ இங்கயே ஊட்டு" என்றாள். ஊட்டினேன். அதற்கடுத்த ஞாயிறும் உட்கார்ந்தாள்.

நான் அவளிடம் பொய் சொல்லவில்லையடா. உண்மையையும் சொல்லவில்லை. அவள் அழுவாளே என்பதற்காக இல்லை. நீ அவளிடம் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. வருகிறேன் என்றால் கொட்டுகிற மழையிலும் வந்தாய், முடியாது என்றால் முதல் நாளே கூப்பிட்டுச் சொன்னாய். அந்த நம்பிக்கையில்தான் அவள் அத்தனை நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். வருவேன் என்று மாமா சொன்னார், ஆகவே வருவார். நான் வாயைத் திறந்தால் உன் கடைசி வார்த்தை பொய்யாகிவிடும். உன்னைத்தான் காப்பாற்ற முடியவில்லை, உன் வார்த்தையையாவது காப்பாற்றுவோம் என்று இருந்தேன். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அந்தச் சின்ன முதுகைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு அடுக்களைக்குத் திரும்பிவிடுவேன்.

ஆடி அமாவாசை அன்று அம்மா காலையிலேயே போன் செய்தாள். கல்யாணம் ஆகாத பிள்ளை, அவனுக்கென்று செய்ய ஒரு வாரிசு இல்லை, ஒரு கட்டு அகத்திக்கீரையாவது மாட்டுக்குக் கொடுத்துவிட்டு வா என்றாள். பட்டாபிராம் கடைத்தெருவில் கூட்டத்தில் நின்று கீரை வாங்கி நான் வீடு வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. மாட்டைப் பார்க்கப் போகிறேன் என்றதும் யாழினி துள்ளிக் குதித்துக்கொண்டு வந்துவிட்டாள். எனக்குத் தெரிந்த மாடு சரசம்மாவின் மாடுதான், அதுவும் உங்கள் பேச்சில் கேட்டுத் தெரிந்த மாடு.

அங்கே போனால் கொட்டகை முழுக்க அகத்திக்கீரை. ஊரே வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தது. நான் எட்ட நின்றபடியே கீரையை நீட்டினேன். மாடு மோந்துகூடப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபக்கம் போய் நீட்டினேன். மறுபடியும் திருப்பிக்கொண்டது. "அமாவாசன்னிக்கு மட்டும் மாட்டாண்ட போவக்கூடாதுக்கா, அது ஏப்பம் உட்டுகினு கீது" என்று நீ எப்போதோ கேலி பண்ணியது அந்த நேரம் பார்த்து என் மண்டைக்கு எட்டவில்லை. நீதான் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாய் என்று தோன்றியது. வாங்கிக்கோடா, வாங்கிக்கோடா என்று மனசுக்குள் உன்னைத்தான் கெஞ்சினேன்.

"அம்மா, அதுக்குத் தொப்பை ஃபுல்லாயிடுச்சும்மா. நீ கஷ்டப்படுத்தாத" என்றாள் யாழினி.

சரசம்மா உள்ளேயிருந்து வந்தாள். "காத்தாலேர்ந்து ஆளாளுக்குக் குட்த்துகினே கீறாங்கம்மா, அதுவும் இன்னாதான் பண்ணும்? ஆமா, இன்னா, பாப்பாவ நீ இட்டுகினு வந்துகீற? தம்பி எங்க?" என்று கேட்டவள், என் கையைப் பார்த்தாள். வேறு ஒரு நாள் என்றால் கீரை கீரைதான். அமாவாசையன்று அகத்திக்கீரையோடு மாட்டின் முன்னால் ஒருத்தி நின்றால் அவள் யாரையோ பறிகொடுத்திருக்கிறாள் என்று அர்த்தம். கீரையைப் பார்த்த கண் என் முகத்துக்கு வந்தது. "ஐயோ, அந்தப் புள்ளயா?" என்று வாயிலேயே அடித்துக்கொண்டு, சாணி ஈரத்தில் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

யாழினி அவளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "மாமாவுக்கு என்னாச்சு?" என்றாள்.

கழுநீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். "யாழு, மாமா செத்துப் போயிட்டாருடி."

"பிஸ்கட் மாதிரியா?"

"ஆமா. இனிமே வரமாட்டாரு."

"ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொன்னாரே."

"சொன்னாரு."

"பொய்யா சொன்னாரு?"

இதற்காகத்தானே அத்தனை வாரம் பயந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் யோசித்தெல்லாம் சொல்லவில்லை, தானாக வந்தது. "இல்லடி. வரணும்னுதான் இருந்தாரு. செத்துப் போயிடுவோம்னு அவருக்கே தெரியாது."

அவள் மாட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ஏம்மா, மாமாகிட்ட யாருமே சொல்லலையா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். "பாவம்ல மாமா" என்று சொல்லிவிட்டு என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். தன்னை விட்டுப் போய்விட்டாய் என்று அழவில்லையடா. உனக்கு யாரும் சொல்லவில்லையே என்று அழுதாள். இப்படி ஒரு பிள்ளையை நான் மட்டும் வளர்த்திருக்க முடியாது.

சரசம்மா கீரைக் கட்டை வாங்கி நிழலில் வைத்தாள். "சாயங்காலம் பசிச்சா துண்ணும்மா. நான் என் கையால போட்றேன், மனச உட்றாத" என்றாள். மறுநாள் நான் போய்க் கேட்கவில்லை. அவள் போட்டிருப்பாள்.

அதற்குப் பிறகு யாழினி வாசற்படியில் காத்திருப்பதில்லை. அழுதது அந்த வாரத்தோடு தீர்ந்துவிட்டது, நீ சொன்ன மாதிரியே. இப்போது ஞாயிறு காலை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள். நான் ஸ்கூட்டரில் உன்னைவிட மெதுவாகப் போகிறேன். மணல் குவியலைப் பார்த்தால் நிறுத்துகிறேன், சாக்கில் உட்காரத்தான் இன்னும் தைரியம் வரவில்லை. உன்னைப் பற்றி அவள் பேசும்போது குரல் உடைவதில்லை. "மாமா இருந்தப்போ" என்று பெரிய மனுஷி மாதிரி ஆரம்பிக்கிறாள். சில சமயம் கதை கொஞ்சம் மாறிவிடுகிறது. நான் திருத்துவதில்லை.

இன்று காலை ஆட்டுக்காரரைப் பார்த்துவிட்டு ஏரிப்பக்கம் போனோம். கரையோரம் ஒரு எருமை தண்ணீரில் படுத்திருந்தது. அதன் முதுகில் ஒரு கொக்கு நின்றது. எதிரே யாழினி ஒற்றைக்காலைத் தூக்கிக்கொண்டு அதே மாதிரி நின்றாள். கொக்கு நகரவில்லை, இவளும் நகரவில்லை. எனக்கு அடக்கமாட்டாத சிரிப்பு. போனை எடுத்துப் படம் பிடித்து, உன் பேரைத் தேடி அனுப்பி, "பாருடா உன் ஆளை" என்று எழுதியும் விட்டேன். எழுதி முடித்த பிறகுதான் கை நின்றது. உன் போன் அம்மாவின் பீரோவில் சார்ஜ் இறங்கிக் கிடக்கிறது. படத்துக்குக் கீழே ஒற்றை டிக், போய்ச் சேரவில்லை.

யாழினி வந்து தோளில் சாய்ந்து போனைப் பார்த்தாள். "மாமாவுக்கா அனுப்புன?" என்று கேட்டாள். பிறகு என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

இரவு சமையலை முடித்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒற்றை டிக்தான். இரண்டாவது விழுந்துவிடுமோ என்று இதை எழுதும்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவளிடம் சொல்லிவிட்டேனடா. எனக்குத்தான் இன்னும் யாரும் சொல்லவில்லை.

அக்கா