மூன்று உடல், ஒரே மீன்

ஜூன் 4, காலை. ஆழம் 3,400 மீட்டர்

நிலையம் சீராக இயங்குகிறது. காற்று, மின்சாரம் போதுமானவை. நான் ஜெசிந்தா, மீன் மரபணு ஆய்வாளர், இங்கே தனியாள். இங்கே கடலடிச் சுரங்கம் தோண்டலாமா என்ற அறிக்கைக்காக உயிரினங்களைக் கணக்கெடுக்கிறேன். பொறியில் மூன்று மீன்கள். ஒன்று உருண்டு சிவந்தது. ஒன்று விரல் நீளம், வயிறே இல்லை. மற்றது வாலில் நூல் தொங்கும் குஞ்சு. பார்த்தால் மூன்றும் வெவ்வேறு குடும்பம். திசு எடுத்தாயிற்று.

ஜூன் 5, நண்பகல்

மைட்டோகாண்ட்ரியா மரபணு வரிசை வந்துவிட்டது. மூன்றும் ஒரே இனம்! பெண், ஆண், குஞ்சு. தரவுத்தளத்தில் இதற்கு நெருங்கிய சொந்தம் எதுவும் இல்லை. மரபணுக்கள் அடுக்கியிருக்கும் முறையே வேறு. மறுபடி ஓட்டினேன். பிழையில்லை.

மேலே கப்பலில் இருக்கும் கிளாட்வினுக்கு அனுப்பினேன். எட்டு வருடமாக என்னோடு வேலை செய்பவன். அவன் பதில்:

"யக்கா, இது இங்க மட்டும் உள்ள மீன்னா சுரங்கத்தையே நிப்பாட்டணுமே. யார்ட்டயும் சொல்லாதீங்க, அறிக்கையில நானே சேத்துருதேன்."

ஜூன் 9, காலை

கடலடிச் சுரங்கத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அறிக்கையில் என் பெயர். "எங்கும் காணப்படும் சாதாரண மீன்" என்கிறது. என் வரிசையை எடுத்துவிட்டு வேறொரு மீனின் வரிசையை வைத்திருக்கிறார்கள். என் வரிசையைக் கிளாட்வினுக்கு மட்டும்தான் அனுப்பியிருந்தேன். அவனைக் கூப்பிட்டேன்.

"கோவப்படாதீங்கக்கா. எல்லாம் பெரியவங்க முடிவு பண்ணியாச்சு. ஒரு மீனுக்காக எல்லாரையும் பகைக்க முடியுமா? எனக்கும் பிள்ளைக இருக்குல்லா. மேல வாங்க, பேசிக்கிடலாம்."

போகிறேன். பேசுவதற்கு அல்ல, புகார் கொடுக்க. அதை அவனிடமும் சொல்லிவிட்டேன்.

ஜூன் 10, மதியம்

மீட்புக் கலம் கழலவில்லை. கப்பலிலிருந்து பூட்டியிருக்கிறார்கள். மின்சாரமும் புதுக்காற்றும் நின்றுவிட்டன. பேட்டரியில் எழுதுகிறேன். சுரங்க எந்திரம் இறங்கிவிட்டது. தரை அதிர்கிறது, ஜன்னலெல்லாம் சேறு. அந்தச் சிவப்பு மீன் ஒன்று கண்ணாடியில் ஒட்டிக் கிடக்கிறது. செவுள் அசையவில்லை.

ஜூன் 11

குரல் இணைப்பை அணைக்க மறந்திருக்கிறார்கள். கப்பலில் பேசுவது கேட்கிறது. கிளாட்வின் என் தங்கைக்குத் தகவல் சொல்கிறான்:

"அக்கா போயிட்டாங்கம்மா. காத்து நின்னுபோச்சு. எவ்வளவோ கூப்ட்டுப் பாத்தேன்..."

விம்மி அழுகிறான். நிஜமாகவே அழுகிறான். ஆனால் ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை.

நேரம் தெரியவில்லை

தலை சுற்றுகிறது. எழுத்து நழுவுகிறது. அவசர மிதவையைக் கையாலேயே விடுவிக்கலாம். மூன்று மீன்களின் திசுவையும் உள்ளே வைத்துவிட்டேன். இந்தக் குறிப்புகள் உள்ள சில்லையும் வைக்க வேண்டும்.

இப்போது கூப்பிடுகிறான். தணிந்த குரலில்.

"யக்கா... இருக்கீங்களா?"

அழுகை இல்லை. சரிபார்க்கிறான்.

பதில் சொல்லமாட்டேன். உயிரோடு இருப்பது தெரிந்தால், மேலே வரும் மிதவையைப் பிடிக்கக் காத்திருப்பான். வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறேன்.

"யக்கா?"

எடுப்பவர் யாராக இருந்தாலும், வரிசையை நீங்களே ஓட்டிப் பாருங்கள். கிளாட்வின் கையில் மட்டும் கொடுத்துவிடாதீ