குளத்தில் கரைத்த வெல்லம்

இன்று காலை கொத்தமல்லியைப் பர்மாங்கனேட் தண்ணீரில் அலசினேன். ஊரில் காலரா பரவுகிறதாம், பச்சையாக எதையும் அப்படியே வாயில் போடக்கூடாதாம். பயத்தில் ஒரு சிட்டிகை கூடிவிட்டது. விரல் நுனியெல்லாம் பழுப்பேறிப் போயிற்று. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய் இருபது நாள் ஆகிறது. உன் வீட்டுக்காரர் தாராவியிலிருந்து வந்து, வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு, ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. செத்துப் போனவளுக்குக் கடிதம் எழுதி என்னடி ஆகப்போகிறது என்று என்னை நானே திட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இந்தச் செம்பூர் வீட்டுக்கு நாம் இருவரும் வந்தது ஜப்பான்காரன் சண்டைக் காலத்தில். பம்பாயில் குண்டு விழும் என்று பயந்து பாதி ஊர் காலி செய்துகொண்டு போனது. இந்த வீட்டின் சொந்தக்காரரும் குஜராத்திலுள்ள தம் ஊருக்குக் கிளம்பினார். கிளம்புமுன் வீட்டை இரண்டாகத் தடுத்து முன்பாதியை எங்களுக்கும் பின்பாதியை உங்களுக்கும் கொடுத்தார். அவர் போட்டது ஒரே நிபந்தனை. கொல்லையில் கிணற்றை ஒட்டி அவர் கட்டியிருந்த சின்னக் குளத்தில் பதினொரு சிவப்பு மீன்கள். தீனியைத் தவிர வேறெதையும் குளத்தில் போடக்கூடாது. திரும்பி வரும்போது மீன்கள் நன்றாக இருந்தால் வீட்டில் இருக்கலாம், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு "சரி, பாய்" என்றார்.

ஏன் கும்பிட மாட்டார்? மாட்டுங்காவில் என் மைத்துனர் வீட்டில் இரண்டு அறைக்குள் ஒன்பது பேர் இருந்தோம். நீயோ தாராவியில், தோல் பதனிடும் கொட்டகைகளுக்கு நடுவே, ஜன்னலில்லாத ஒரு அறையில் இருந்தவள். உன் வீட்டுக்காரருக்குக் குர்லாவில் பட்டறை வேலை. வந்த அன்று கொல்லையில் நின்று காற்றை இழுத்து இழுத்து முகர்ந்தாய். "என்னடி மோந்து பாக்கற?" என்றேன். "ஒரு நாத்தமும் இல்ல மாமி, அதான் நம்ப முடியல" என்றாய். எனக்கு இருபத்தாறு வயசுதான் ஆகிறது, மாமி என்று கூப்பிடாதே என்று சண்டை பிடித்தேன். "சரி, அக்கா. அதுக்குக் கீழ எறங்க மாட்டேன்" என்றாய்.

மீன் என்றால் எனக்குக் கிட்டப் போகவே கூசும். தள்ளி நின்று பொரியை வீசிவிட்டு ஓடிவருவேன். நீதான் கரையில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்ப்பாய். "தெனம் கொழம்புல பாக்க ஆசப்படுத சாமான், இங்க தொடக்கூடாதாம், வளக்கணுமாம். என் தலையெழுத்தப் பாருங்கக்கா" என்று சிரிப்பாய். குளம் மொட்டையாக இருக்கிறதே, மீனுக்கு நிழல் வேண்டாமா என்று மான்குர்த்தில் உன் சித்தி வீட்டுப் பக்கத்துக் குட்டையிலிருந்து ஆம்பல் கொடி ஒன்றைக் கொண்டுவந்து போட்டாய். தீனியைத் தவிர எதுவும் போடக்கூடாது என்றாரே என்றேன். "செடி என்ன செய்யும்? அதுவும் தண்ணிப் பிள்ளதான்" என்றாய்.  பூ பூத்தபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் என் பெண்ணுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. அவளுக்கு அப்போது இரண்டு வயது. கம்பவுண்டர் கொடுத்த கறுப்புக் களிம்பைப் பத்து நாள் தடவினேன். கட்டி கல் மாதிரி அப்படியே இருந்தது. தாதரில் ஒரு டாக்டர் கீற வேண்டியிருக்கும் என்றார். கழுத்தில் கத்தி என்றதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் உடம்பில் கட்டி வந்தால் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பதாக வேண்டிக்கொள்வார்கள். வெல்லம் கரைகிற மாதிரி கட்டியும் கரையும் என்று நம்பிக்கை. ஆனால் ரயிலெல்லாம் பட்டாளத்துக்காரர்கள் நிறைந்து போகிற காலத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே ஊருக்குப் போவது? எந்தத் தண்ணீரானால் என்ன, சாமிக்குத் தெரியாதா என்று என் புத்தியில் பட்டது.

நீ ரேஷன் கடை வரிசையில் நிற்கப் போயிருந்த ஒரு சாயங்காலம், பொத்திப் பொத்தி வைத்திருந்த இரண்டு சேர் வெல்லத்தையும் நம் குளத்தில் கரைத்தேன். ஒவ்வொரு கட்டியாகப் போட்டு, கையால் அளைந்து, அம்மா தாயே என்று வேண்டிக்கொண்டு கரைத்தேன். மீன்கள் வந்து என் விரலை முட்டின. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுத்திருப்பாய்.

மறுநாள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் கொல்லையிலிருந்து உன் குரல் கேட்டது. "அக்கா, ஓடி வாங்க. மீனெல்லாம் வாயப் பொளந்துகிட்டுக் கெடக்கு."

குளம் அரிசி கழுவிய தண்ணீராக வெளுத்துக் கிடந்தது. கிட்டப் போனால் புளித்த வாடை. மூன்று மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்தன. மற்ற எட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வெல்லத்தின் வேலை என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த அந்த நிமிஷமே மாட்டுங்கா அறையும், ஒன்பது பேரும், இடுக்கில் தூங்கும் என் குழந்தையும் கண் முன்னால் வந்து நின்றன. நீ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியை எடுத்தாய். நீ குளத்துத் தண்ணீரை அள்ளிக் கொட்டினாய், நான் கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றினேன். பாதிக் குளம் மாறியபோது உச்சி வெயில் ஏறிவிட்டது. மீன்கள் மெல்லக் கீழே இறங்கின.

அப்போதுதான் நீ அதைக் கவனித்தாய். பிழைத்த மீன்கள் உடம்பைக் கல்லில் உரசிக்கொண்டே போயின. ஒன்று துள்ளித் துள்ளி விழுந்தது. அதை ஈரத் துண்டில் வளைத்துப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாய். துடுப்பின் அடியில் ரத்தப் புள்ளிகள். அதன் பக்கத்தில் உளுத்தந்தோல் மாதிரி வட்டமாக, வழவழவென்று ஏதோ ஒட்டியிருந்தது.

"செதிலாடி?" என்றேன்.

"செதில் நடக்குமாக்கா? இது நடக்கு, பாருங்க." நகத்தால் நெம்பி உள்ளங்கையில் விட்டாய். கண்ணாடி போன்ற அந்தப் பூச்சி, இரண்டு கறுப்புப் புள்ளிக் கண்களோடு உன் கையில் ஊர்ந்தது. "பேனு. மீனுக்குப் பேன் புடிச்சிருக்கு."

"எங்கேர்ந்து வந்தது?"

நீ ஆம்பல் கொடியைப் பார்த்தாய். உன் முகம் செத்துவிட்டது. "நான் கொண்டாந்த கொடியிலதான் வந்திருக்கும். நானே என் தலையில மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டேன்" என்றாய்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு நீயே மெல்லக் கேட்டாய். "பேன் கடிச்சு மூணு மீனும் ஒரே நாள்லயாக்கா சாவும்? கரையெல்லாம் எறும்பு வேற ஊருது." நான் வானத்தைப் பார்த்து, "மழை வரப்போறது போலிருக்கு" என்றேன். நீ குனிந்து அந்த எறும்பு வரிசையைப் பார்த்தாய்.

மறுநாள் மான்குர்த் உப்பளத்தில் வேலை செய்யும் உன் சித்தப்பாவிடமிருந்து ஒரு மூட்டைக் கல்லுப்பு வாங்கிவந்தாய். தகரத் தொட்டியில் தண்ணீர் ஊற்றி உப்பைக் கரைத்து, வாயில் விட்டுப் பார்த்து, "கடல்தண்ணி மாதிரி கரிக்கணும்" என்று இன்னும் அள்ளிப் போட்டாய். ஒவ்வொரு மீனாக அதில் விட்டோம். நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாய், நான் எண்ணுவேன். மீன் சாயத் தொடங்கியதும் "போதும், போதும்" என்று கத்திக்கொண்டே அள்ளிவிடுவாய். நல்ல தண்ணீருக்கு மாற்றும்போது தொட்டியில் பேன்கள் உதிர்ந்து கிடக்கும். உதிராததை நீ முள்ளெடுக்கும் என் சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்தாய். மீனைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டியிருந்தது. அன்றுதான் வாழ்க்கையில் முதல்முறை மீனைக் கையில் பிடித்தேன். ஈரத் துணிக்குள் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, என்னுடையதும்தான். நாலு தரம் தலைக்குக் குளித்தேன். இத்தனை தரம் குளித்தால் ஜுரம் வராதா என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

குளத்துக்கு நான் பர்மாங்கனேட் போட்டேன். காய்கறி கழுவ வைத்திருந்த புட்டி. கெட்டியாகப் போட்டால் மீனே வெந்துவிடும் என்று பயந்து, வாளியில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, குளம் வெளிறிய ரோஜா நிறமானதும் நிறுத்தினேன். அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். நீதான், "பேன் இருந்தா ஈரும் இருக்கும்லா? உங்க பிள்ள தலையில ஒரு தரம் பாத்துட்டு விட்டிருவியளா?" என்றாய். குளத்துச் சுவரைத் தடவிப் பார்த்தால் கல்லில் வரிசை வரிசையாக முட்டை. தேங்காய் நார் வைத்து இருவரும் தேய்த்தோம். கொடியைப் பிடுங்கிச் சுவரோரம் காயப் போட்டாய். இரண்டு வாரம் கழித்துப் புதுப் பேன்கள் வந்தன, மறுபடி உப்பு, மறுபடி சாமணம். அதற்கப்புறம் வரவில்லை. எட்டு மீன்களும் பிழைத்தன. அத்தனையும் உன் கைவேலை.

வீட்டுச் சொந்தக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்னறிவிப்பில்லாமல் ஊரிலிருந்து திரும்பி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே குளத்துக்குத்தான் போனார். எண்ணினார். திரும்பி, "கியாரா தா. தீன் கிதர் கயா?" என்று, பதினொன்றில் மூன்று எங்கே போயிற்று என்று கேட்டார். என் வீட்டுக்காரர் திக்கித் திணறிப் பேன் என்றும் நோய் என்றும் ஹிந்தியில் சொன்னார். எப்படி வந்தது என்று கேட்டார் அவர்.  நான் வாயைத் திறக்கவில்லை என்பது சத்தியம். ஆனால் சுவரோரம் காய்ந்து கிடந்த கொடியைப் பார்த்தேன். அவரும் என் பார்வை போன இடத்தைப் பார்த்தார். வெளியிலிருந்து செடி கொண்டுவந்தது யார் என்று கேட்டார்.

"நான்தான், பாய்" என்றாய்.

அவ்வளவுதான். மாதக் கடைசிக்குள் பின்பாதியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். மூன்று செத்தது பேனால் அல்ல, வெல்லத்தால் என்று நான் சொல்லியிருக்கலாம். பிழைத்த எட்டையும் பிழைக்க வைத்தது இவள்தான் என்றாவது சொல்லியிருக்கலாம். இடுப்பில் குழந்தை இருந்தது. அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நின்றேன்.

நீ கிளம்பிய அன்று கைவண்டியில் பாத்திரமெல்லாம் ஏற்றி முடித்தபிறகு என் பெண்ணைக் கையில் வாங்கினாய். அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தாய். கட்டி தானாகவே உடைந்து ஆறி, தழும்பு மட்டும் இருந்தது.

"வேண்டுதல் பலிச்சிட்டுல்லா அக்கா?" என்றாய்.

உன்னிடம் நான் வேண்டுதலைப் பற்றி மூச்சுக்கூட விட்டதில்லை. உன் முகத்தைப் பார்த்தேன். கோபமில்லை, குத்தலுமில்லை. குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியோடு நடந்து போனாய்.

அதற்குப்பின் தாராவிக்கு இரண்டே இரண்டு தரம் வந்தேன். இரண்டாவது தரம் நீ இருமிக்கொண்டிருந்தாய். அந்த அறையில் காற்று இல்லை. ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில் நீ காலண்டர் மாட்டியிருந்தாய். இதெல்லாம் ஒரு இருமலா, விடுங்க என்றாய். உன் வீட்டுக்காரர் வந்தபோது, அந்த இருமல் முன்னாலேயே உண்டா, இங்கே இருக்கும்போதே உண்டா என்று கேட்டேன். "இல்லம்மா, அங்க போனதுக்கு அப்புறம்தான்" என்றார். வெல்லத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நீ அவரிடம்கூடச் சொல்லவில்லை.

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதைக் கேட்கவேண்டியவள் நீ இல்லை. பம்பாய்க்கே திரும்பிவிட்ட வீட்டுச் சொந்தக்காரர் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் மீனுக்குத் தீனி போட வருகிறார். நாளை ஞாயிறு. சொன்னால் எங்களையும் போகச் சொல்லக்கூடும். பெண் இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாள். என் வீட்டுக்காரரிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை.  அன்று உன் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது, "நான்தான்" என்ற அந்த ஒரு வார்த்தை. ஆறு வருஷமாக அதைத் தொண்டையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். நாளை அவர் குளக்கரையில் வந்து நிற்கும்போது எனக்கு அது வருமா என்று தெரியவில்லையடி.