திருநல்லாளின் கையை நசுக்கிய பாவை

ஏரிகள் நிறைக, குடிகள் நலம்பெறுக. மதகு காத்த பெருமாட்டி, ஏழேரி நாடுடைய மணிமுடியாள் யாம், கருங்குன்ற நாடாளும் எம் உடன்பிறவா அண்ணனார் பரிதிவேளுக்கு விடுக்கும் ஓலை. உம் சுரங்கங்களில் விளக்கு அணையாதிருக்க. அண்ணனார் என்று எழுத மனம் கூசுகிறது. ஆயினும் எழுதிப் பழகிவிட்டோம்.

சென்ற மாரியில் உம் சுரங்கம் சரிந்து ஆட்கள் மண்ணுள் சிக்கியபோது, எம் பொறிச்சாலைத் தலைவி திருநல்லாள் ஆக்கிய இரும்புப் பாவைகளை விலை பேசாமல் அனுப்பினோம். பாறையைப் பெயர்க்கும் அவற்றின் கை, மனித மேனி பட்டவுடன் தளரும்படி அவள் அமைத்திருந்தாள். உம் ஆட்கள் உயிரோடு மீண்டனர்.

எப்பாவையையும் இயக்குமுன் அதன் பிடிக்குள் தம் வலக்கையை வைத்துப் பார்ப்பது எம் சாலையார் வழக்கம். ஒப்படைத்த நாளில் நீரும் வைத்தீர். கூசுகிறது என்று சிரித்தீர். உயிர் மீட்பதற்கன்றி வேறெதற்கும் இவற்றை ஏவேன் என்று அவையறியச் சொன்னீர்.

பின்னர் பிடியைத் தளர்த்தும் கம்பிகளை அறுக்கச் செய்து, வரி மறுத்த மலையூராரை இழுத்துவர அப்பாவைகளையே ஏவினீர். அதை மறைத்து, பாவையின் முழங்கை இறுகிவிட்டது, செப்பனிட ஆள் விடுக என்று எமக்கு எழுதினீர். நம்பினோம். திருநல்லாள் வந்தாள், வழக்கம்போல் கையை நீட்டினாள். கம்பிகள் அறுக்கப்பட்டதை அறிந்திருந்த உம் படைத்தலைவர் அருகே நின்றும் தடுக்கவில்லை.

விரல்கள் போயின. படுக்கையில் கிடக்கும் நோயாளரை நோகாமல் தூக்கவும், நச்சுக் காற்றடைத்த சாக்கடைக் குழிகளில் மனிதருக்குப் பதில் இறங்கவும் அவள் ஆக்கிய புதுப் பாவைகள் முடியும் தறுவாயில் இருந்தன. எம் தூதர் முறையிட்டபோது, ஒரு வேலைக்காரியின் விரல் அத்தனை பெரிதோ என்று நீர் கேட்டீராம். அதைக் கேட்ட பிறகே யாம் அழுதோம்.

இப்போது கம்பிகளைச் சீராக்கிவிட்டதாகவும், புதுப் பாவைகளையும் விடுக்குமாறும் எழுதியிருக்கிறீர். ஆகவே எம் நாட்டுப் பொருள் குறித்து யாம் இடும் ஆணை இது: அவள் கையை நசுக்கிய பாவையை உம் கொலுமண்டபத்தில் நிறுத்தி, எம் தூதர் காண உம் வலக்கையை அதன் பிடிக்குள் வைப்பீராக. உம் சொல் மெய்யெனில் அது கூசும். அவள் சொல்படி சாலையார் முடிக்கும் புதுப் பாவைகளும் வரும். வைக்க அஞ்சினால், முன்பு தந்தவை அனைத்தையும் தூதருடன் திருப்பி விடுக.

இதற்கு எம் ஏரி முத்திரை சாட்சி. அதன் கீழே திருநல்லாள் தன் பெயரை இடக்கையால் கீறியிருக்கிறாள். எழுத்து கோணலாயிருப்பதைப் பொறுத்தருள்க.