கருப்புத் திட்டு

மார்ச் 3
காபி ஆறிப்போய் ஏடு படிந்துவிட்டது. அந்தக் கருப்புத் திட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிலவின் தென்முனையில் நம் விண்கலம் இறங்க வேண்டிய வட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. லேசர் அளந்த உயரப் புள்ளிகள் திட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இடையில் என்ன இருக்கிறது என்று படத்தின் வெளிச்சத்தையும் நிழலையும் வைத்துக் கணக்கிடுவதுதான் என் வேலை. சூரியனைப் பார்த்த சரிவு வெளுத்துத் தெரியும், முதுகு காட்டிய சரிவு கருத்துத் தெரியும். கணக்கு பதினேழு டிகிரி என்கிறது. கலத்தின் கால்கள் பத்துக்கு மேல் தாங்காது.

ஆனால் அது வெறும் கருப்பு மண்ணாக இருந்தால்? சமதரையும் இப்படித்தானே தெரியும்?

மார்ச் 4
கூட்டம். கலத்தின் கால்களைச் செய்த நெட்டையன் சிரித்தான். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அக்கா. அது வெறும் மண்ணு."

தலைவர் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். "பன்னிரண்டாம் தேதி இடத்தை முடிவு பண்ணியாகணும். உங்க கையெழுத்து இல்லாம நடக்காதும்மா. சரிவா, மண்ணா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

சரிவு என்றால் இந்த இடத்தை நம்பி எல்லோரும் செய்த வேலை வீண். மண் என்று சொல்லி அது சரிவாக இருந்துவிட்டால் — கலம் குப்புற விழும். என்ன பிழைப்பு இது!

மார்ச் 5
தூங்கினேனா? தெரியவில்லை.

மார்ச் 6
மதியம் கணவர் போனில் ஒரு படம் அனுப்பினார். பாப்பா சறுக்குமரத்திலிருந்து விழுந்துவிட்டாளாம். நெற்றியில் கருப்பாக ஏதோ. வீக்கமா, அழுக்கா? பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் — பெற்ற பிள்ளையின் நெற்றி மேடா, சமதரையா என்று சொல்லத் தெரியவில்லை!

போனில் கத்தினேன். "அவளை ஜன்னல் பக்கம் திருப்பி இன்னொண்ணு எடுங்க! வெளிச்சம் வேற பக்கத்துலேர்ந்து விழணும்!"

"தொட்டுப் பார்த்துட்டேன்டி. சேறுதான். துடைச்சேன், போயிடுச்சு."

நிலவைத் தொட்டுப் பார்க்க எனக்குக் கை எட்டாது. ஆனால் ஜன்னல் மாறுமே! தென்முனையில் சூரியன் அடிவானத்தை ஒட்டியே சுற்றுகிறது. பத்தாம் தேதி வேறு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும். சரிவென்றால் திட்டு வெளுக்கும், மண்ணென்றால் கருப்பாகவே இருக்கும். ஓடிப்போய்த் தலைவரிடம் இன்னொரு படம் கேட்டேன். நிலவைச் சுற்றும் கேமராவில் அன்று வேறு குழுவின் முறை. விடாமல் கெஞ்சினேன்.

"வாங்கித் தர்றேன். வெறும் மண்ணுன்னு வந்தா அவங்களுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

மார்ச் 7
பாப்பாவின் முழங்கை வீங்கியிருக்கிறது. நேற்று நெற்றியைப் பற்றியே பேசினோம், முழங்கையை இருவருமே பார்க்கவில்லை. ஐஸ் வைத்தேன். என் மேல் எனக்கே கோபம்.

மார்ச் 9
குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் மாடிக்கும் நடக்கிறேன். "கொஞ்சம் உக்காரேன், பார்க்கிற எனக்குத் தலை சுத்துது" என்றார் கணவர்.

மார்ச் 11
படம் வந்துவிட்டது. வெளிச்சம் மாறியும் திட்டு மாறவில்லை, அதே கருப்பு. மண். வெறும் மண். என் மூக்கு உடைந்தது.

"பேய் ஓடிப்போச்சா, அக்கா?" என்று நெட்டையன் ஆரம்பித்தான். பாதியில் நின்றுவிட்டான். வட்டத்தின் நடுவில், போன படத்தில் மழமழவென்று கிடந்த இடத்தில், நீளமாக ஒரு நிழல். பள்ளம். போன தடவை வெளிச்சம் அதன் நீளவாக்கில் ஓடியிருக்கிறது. இரண்டு கரையும் ஒரே மாதிரி வெளுத்து, தரையோடு தரையாகத் தெரிந்திருக்கின்றன. லேசர் புள்ளிகளுக்கும் நடுவில் ஒளிந்திருந்திருக்கிறது. கரையின் சரிவு இருபத்திரண்டு டிகிரி.

அந்த இடத்தில் எனக்குச் சந்தேகமே வரவில்லையே. கேட்டிருந்தால் அங்கே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பேன்.

மார்ச் 12
இரண்டு படங்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டதில், அந்த வட்டாரத்திலேயே சமமான தரை கருப்புத் திட்டுதான். கலம் அதன் மேல் இறங்கப் போகிறது. கையெழுத்துப் போட்டேன். "பேய் வீட்டுக்கே குடி போறோம், அக்கா" என்றான் நெட்டையன். தலைவர்கூடச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் பாப்பாவை விளக்கடியில் நிறுத்தி, தலையிலிருந்து பாதம் வரை தடவிப் பார்த்தேன்.

"கூசுதும்மா" என்று நெளிந்தாள்.

திருப்பி நிறுத்தி இன்னொரு தடவை பார்த்தேன்.