கொசு பிடித்த இடது கால்

12-11-1994, சனி

பக்கவாதம் வந்ததிலிருந்து இவருக்கு இடது காலில் உணர்ச்சியே இல்லை. "வந்தா வரும்மா" என்று டாக்டர் சொன்னதோடு சரி.

இந்த மயிலாப்பூர்க் கொசுவோ முகத்தை விட்டுவிட்டுப் பாதத்தைத்தான் தேடி வருகிறது. பாதத்து வாடைதான் அதை இழுக்கிறதாம். விலங்கியல் படிக்கும் மகள் சொன்னாள். அதனால் விளக்கு வைக்கும் நேரத்தில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன், வலது காலை மட்டும். மரத்த காலுக்கு எதற்கு?

கொசு மொத்தமும் இடது காலில் மொய்த்தது. விரட்டப் போனேன். கண்ணை மூடிப் படுத்திருந்தவர் குழறிக்கொண்டே கத்தினார்.

"அரிக்குதுடி! சொறிஞ்சு விடேன்!"

"எந்தக் காலுங்க?"

"இடது... இடதுடி!"

கை வலிக்கும் வரை சொறிந்து விட்டேன். நாளைக்கும் அந்தக் காலைக் கழுவப் போவதில்லை.